காற்றில் பென்சீனை அளப்பது எப்படி: ஜிசி-எம்எஸ் வழிக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

காற்றில் மிகக் குறைந்த அளவில் கலந்திருக்கும் பென்சீன், டொலுவீன், சைலீன் போன்ற கரிம வாயுக்களை சேர்மங்களைப் பிரிக்கும் வாயு நிறப்பிரிகைக் கருவியோடு (ஜிசி) இணைந்து, அவற்றை நிறையால் அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியை (எம்எஸ்) கொண்டு அளக்க விரும்பும் முதுநிலை மாணவர்களுக்காகவும், ஆய்வுப் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும், தங்கள் ஊர்க் காற்றைப் பற்றி நம்பத்தக்க ஓர் எண்ணைப் பெற நினைக்கும் சிறு அமைப்புகளுக்காகவும் இதை எழுதுகிறேன். கருவி எப்படி இயங்குகிறது என்பதைப் பாடநூல்கள் நன்றாகவே சொல்லித் தருகின்றன. எந்தக் குழாயில் காற்றைப் பிடிப்பது, நம் ஊர் வெயிலில் எத்தனை லிட்டர் இழுக்கலாம், எந்தப் படிவத்தை யாரிடம் எப்போது கொடுப்பது, எத்தனை ஓட்டங்களுக்கு (ஒரு குழாயைக் கருவியில் பகுக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் ஓட்டம்) பணம் ஒதுக்குவது என்பவற்றுக்கு ஒரே இடத்தில் விடை கிடைக்காமல் நான் பல பேரிடம் கேட்டுக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள். விலை உயர்ந்த கருவி இந்த வேலையின் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. உங்கள் முடிவு சரியா தவறா என்பது பெரும்பாலும் குழாய், பம்பு, வெற்று மாதிரி (காற்றை இழுக்காமல் ஒப்பீட்டுக்காகப் பகுக்கும் குழாய்), களக் குறிப்பு ஆகிய நான்கிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நாம் தேடுவது எவ்வளவு சிறிய அளவு என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் புரியும். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தேசியக் காற்றுத் தர வரையறையின்படி பென்சீனுக்கான ஆண்டுச் சராசரி எல்லை ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதாவது நூறு கோடி காற்று மூலக்கூறுகளில் ஏறத்தாழ 1.6 மூலக்கூறுகள் மட்டுமே பென்சீன். இந்த அளவைத் தேடும்போது உங்கள் கையில் ஒட்டியிருக்கும் மார்க்கர் மையின் ஆவிகூடப் பெரிய தவறாக மாறிவிடும்.

1. கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள்

எந்தச் சேர்மம், எந்த இடம், எத்தனை மணி நேரச் சராசரி, எதற்காக ஆகிய நான்கையும் எழுதி முடிக்காமல் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள்.

சேர்மத்தைப் பொறுத்தே முறை மாறும். பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன்கள், மரங்கள் வெளிவிடும் ஆல்பா-பைனீன், லிமோனீன் போன்றவற்றுக்குக் குழாயும் ஜிசி-எம்எஸ் கருவியும் நன்றாகப் பொருந்தும். ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் உங்கள் பட்டியலில் இருந்தால் அவற்றை இந்த வழியில் அளக்க முயலாதீர்கள். அவற்றுக்கு டிஎன்பிஎச் என்னும் வினைப்பொருள் பூசிய கார்ட்ரிட்ஜில் காற்றைப் பிடித்து எச்பிஎல்சி என்னும் திரவ நிறப்பிரிகைக் கருவியில் பகுக்கும் தனி முறை இருக்கிறது.

நோக்கத்தைத் தெளிவாக்குவது அதைவிட முக்கியம். ஒரு மணி நேரம் எடுத்த மாதிரியின் அளவை 5 மைக்ரோகிராம் என்ற வரையறையோடு நேரடியாக ஒப்பிட்டு "வரம்பு மீறியது" என்று எழுதுவதைப் பல அறிக்கைகளில் காண்கிறேன். அந்த வரையறை ஆண்டுச் சராசரிக்கு உரியது. வாரத்துக்கு இரு முறை, சீரான இடைவெளியில், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் என்று ஆண்டுக்குக் குறைந்தது 104 அளவீடுகளின் சராசரியைத்தான் அது குறிக்கிறது. ஒரு மணி நேர மாதிரிகள் இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை உள்ள வேறுபாட்டைக் காட்டுவதற்கு மிகவும் பயன்படும். வரையறை மீறப்பட்டதா இல்லையா என்பதை அவை மட்டும் நிறுவிவிட முடியாது.

முடிவை நீதிமன்றத்திலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலோ முன்வைக்கப் போகிறீர்கள் என்றால், தொடக்கத்திலேயே சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986இன் கீழ் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தையோ என்ஏபிஎல் என்னும் தேசிய வாரியத்தின் தரச்சான்று பெற்ற ஆய்வகத்தையோ நாடுங்கள். தரச்சான்று ஆய்வகத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. எனவே சான்றிதழின் முதல் பக்கத்தைப் பார்த்துத் திருப்தியடையாமல், அதன் இணைப்புப் பட்டியலில் "சுற்றுப்புறக் காற்று, பென்சீன்" என்ற பதிவும் முறையின் பெயரும் செல்லுபடியாகும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீரில் பென்சீனை அளக்கச் சான்று பெற்ற ஆய்வகம் காற்றுக்கும் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை.

2. காற்றைப் பிடிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, ஆவிகளைத் தன்மேல் ஒட்டவைத்துப் பிடிக்கும் டெனாக்ஸ் போன்ற கவர்பொருள் நிரப்பிய குழாயில் காற்றை இழுத்து, அதைத் தெர்மல் டிசார்பர் என்னும் சூடேற்றும் கருவியில் வைத்து, வெளிவரும் ஆவியை முழுமையாகவோ பகுதியாகவோ ஜிசி-எம்எஸ் கருவிக்குள் அனுப்புவது. குறைந்த அளவைக் காண்பதில் இது மிகச் சிறந்தது, குழாய்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் முடியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் டிஓ-17 முறை இதுதான். இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதி பெரும்பாலும் இதைப் பற்றியதே.

இரண்டாவது, கரிக்குழாயில் காற்றைப் பிடித்து, கார்பன் டைசல்ஃபைடில் கரைத்து, அந்தக் கரைசலைச் சாதாரண ஜிசி-எம்எஸ் கருவியில் ஊசியால் செலுத்துவது. தெர்மல் டிசார்பர் இல்லாத ஆய்வகங்களுக்கு இதுவே வழி. 1 மில்லிலிட்டர் கரைசலில் 1 மைக்ரோலிட்டரை மட்டுமே கருவிக்குள் செலுத்துவதால், பிடித்த பொருளில் ஆயிரத்தில் ஒரு பங்கே கருவியை அடைகிறது. ஆகவே நிறைய காற்றை இழுத்தாக வேண்டும். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் வீதம் 24 மணி நேரம் இழுத்தால் 144 லிட்டர். காற்றில் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் பென்சீன் இருந்தால் குழாயில் 720 நானோகிராம் சேரும், கருவிக்குள் செல்வது 0.72 நானோகிராம். தேர்ந்த அயனிகளை மட்டும் பார்க்கும் நிலையில் கருவிக்கு இது போதும். இங்கே உள்ள பொறி கரைப்பானே. கார்பன் டைசல்ஃபைடில் பெரும்பாலும் சிறிதளவு பென்சீன் கலந்திருக்கும். பென்சீன் நீக்கப்பட்டது என்று குறிப்பிட்ட தரத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு புட்டியையும் தனியாகச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நச்சுத்தன்மையும் எளிதில் தீப்பற்றும் தன்மையும் உடையது என்பதால் புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே அதைத் திறக்கவே கூடாது.

மூன்றாவது, உட்சுவர் பூச்சுள்ள 6 லிட்டர் எஃகுக் கலனை வெற்றிடமாக்கி எடுத்துச் சென்று காற்றை நிரப்பி வருவது. பம்பும் மின்சாரமும் தேவையில்லை, ஒரே மாதிரியை மீண்டும் மீண்டும் பகுக்கலாம். ஆனால் கலன், ஓட்டக் கட்டுப்படுத்தி, கழுவும் அமைப்பு மூன்றும் ஏற்கெனவே உள்ள ஆய்வகத்தோடு சேர்ந்தால் மட்டுமே இது சாத்தியம். தனியாகத் தொடங்குபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது, பிடிஆர்-எம்எஸ். ஹைட்ரோனியம் அயனியிலிருந்து ஒரு புரோட்டானைச் சேர்மத்துக்கு மாற்றி, ஒரு நிறை எண் கூடிய அயனியாக அதை நொடிக்கு நொடி காட்டும் கருவி இது. மெத்தனால் 33இலும், அசிட்டோன் 59இலும், ஐசோப்ரீன் 69இலும், பென்சீன் 79இலும், டொலுவீன் 93இலும் தெரியும். குழாயும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம் என்பதால் புதியவர்கள் எளிதில் மயங்கிவிடுகிறார்கள். இது சேர்மங்களைப் பிரித்துக் காட்டுவதில்லை, நிறையை மட்டுமே பார்க்கிறது. 107இல் தெரிவது எத்தில்பென்சீனும் மூன்று சைலீன்களும் சேர்ந்த கூட்டுத்தொகை. எத்தில்பென்சீன் உடைந்து 79இல் வந்து நின்று பென்சீனின் அளவைக் கூட்டியும் காட்டும். பறக்கும் நேர வகைக் கருவியாக இருந்தால் 69.070இல் உள்ள ஐசோப்ரீனையும் 69.033இல் உள்ள ஃபியூரானையும் பிரித்தறியலாம். நான்முனை வகையில் அது முடியாது. கருவியின் விலை கோடிகளில் என்பதால் வாங்குவதை விட்டுவிடுங்கள். மொகாலியிலுள்ள ஐசர் நிறுவனமும் அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வகமும் இந்த வகைக் கருவிகளால் நெடுங்காலம் அளந்துவரும் நிறுவனங்கள். உங்கள் கேள்விக்கு நொடிக்கணக்கான மாற்றம் உண்மையாகவே தேவை என்றால் மட்டும், நெறியாளர் வழியாகக் கூட்டாய்வுக்குக் கடிதம் எழுதலாம்.

3. குழாய் வாங்கும் முன் ஆய்வகத்தை உறுதிசெய்யுங்கள்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். "ஜிசி-எம்எஸ் வசதி உண்டு" என்ற ஒரு வரியை நம்பிக் குழாய்களை வாங்கிவிட்டு, அங்கே திரவ மாதிரிகளை மட்டுமே ஏற்பார்கள் என்று பிறகு தெரியவரும்போது பணமும் மாதங்களும் வீணாகின்றன. நம் பல்கலைக்கழக மையக் கருவி வசதிகளில் உள்ள பெரும்பாலான ஜிசி-எம்எஸ் கருவிகள் மூலிகைச் சாறு, எண்ணெய் போன்ற திரவ மாதிரிகளுக்காக அமைக்கப்பட்டவை. அரசு நிறுவனங்களின் கருவிகளைத் தேடிப் பதிவுசெய்ய ஐ-ஸ்டெம் இணையவாசல் உதவும். அதில் கருவியின் பெயரைப் பார்த்ததோடு நிற்காமல் பொறுப்பாளருக்கு எழுதிப் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

தெர்மல் டிசார்பர் இணைந்திருக்கிறதா, இப்போது இயங்குகிறதா? 89 மில்லிமீட்டர் நீளமும் கால் அங்குல வெளிவிட்டமும் உள்ள குழாயை அது ஏற்குமா? கருவியில் இப்போது பொருத்தியிருக்கும் பத்தி, அதாவது சேர்மங்களைப் பிரிக்கும் நீண்ட மெல்லிய குழாய், எது? (60 மீட்டர் நீளமும் தடித்த படலமும் கொண்ட பத்தி இருந்தால் லேசான சேர்மங்கள் நன்றாகப் பிரியும்.) அளவுத்திருத்தக் கரைசலை (செறிவு தெரிந்த தரக் கரைசலை) நாம் கொண்டுவர வேண்டுமா? குழாய்களைச் சூடேற்றிச் சுத்தம் செய்து தருவார்களா? அச்சிட்ட அறிக்கையோடு மூலத் தரவுக் கோப்புகளையும் தருவார்களா?

கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் வேறு ஆய்வகத்தைத் தேடுங்கள் என்றே சொல்வேன். கருவியின் நிறமாலை நூலகத்தோடு ஒப்பிட்டு அச்சிட்ட பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எந்த எண்ணையும் பின்னாளில் சரிபார்க்க இயலாது.

4. ஆவணங்களைத் திரட்டுங்கள்

கருவியைப் பதிவுசெய்ய மாணவர் அடையாள அட்டையும், நெறியாளரும் துறைத் தலைவரும் கையொப்பமிட்ட கடிதமும் வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கான சலுகைக் கட்டணம் பெரும்பாலும் இந்தக் கடிதத்தைப் பொறுத்தே கிடைக்கிறது. மாதிரிச் சமர்ப்பிப்புப் படிவத்தில் "மாதிரியின் தன்மை" என்ற இடத்தில் வெறுமனே "காற்று" என்று எழுதாமல், கவர்பொருளின் பெயர், எதிர்பார்க்கும் சேர்மங்கள், ஒரு குழாயில் எதிர்பார்க்கும் நானோகிராம் அளவு, இழுத்த கன அளவு ஆகியவற்றை எழுதுங்கள். இயக்குபவர் பகுப்பு விகிதத்தை, அதாவது ஆவியில் எவ்வளவு பங்கைக் கருவிக்குள் விடுவது என்பதை, தீர்மானிக்க அந்தத் தகவல் தேவை.

பணம் செலுத்த விலைப்புள்ளி, நிறுவனத்தின் கொள்முதல் ஆணை, பணப் பரிமாற்ற எண் ஆகிய மூன்றும் ஒரே பெயரிலும் ஒரே ஜிஎஸ்டி எண்ணிலும் இருக்க வேண்டும். துறையின் பெயர் ஒன்றில், கல்லூரியின் பெயர் மற்றொன்றில் என்று இருந்தால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும்.

களத்துக்கு, இடத்தின் உரிமையாளரிடமிருந்து எழுத்து மூல அனுமதி பெறுங்கள். பள்ளியின் மொட்டைமாடி என்றால் தலைமையாசிரியரிடம், உள்ளாட்சிக் கட்டடம் என்றால் அந்த அலுவலகத்திடம். தொழிற்சாலைகள் சூழ்ந்த மணலி போன்ற பகுதிகளில் பம்பும் குழாயுமாக நிற்பவரைப் பார்த்துப் பாதுகாவலர்கள் கேள்வி கேட்பது இயல்பு. கடிதத்தின் நகல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

இவற்றோடு, ஓட்டமானியின் அளவுத்திருத்தச் சான்றிதழ், தரக் கரைசலின் பகுப்பாய்வுச் சான்றிதழ், குழாய் யாரிடமிருந்து யாருக்கு எப்போது கைமாறியது என்பதைக் காட்டும் கைமாற்றுப் பதிவேடு ஆகியவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

5. செலவையும் காலத்தையும் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

"இருபது மாதிரிகள், ஆகவே இருபது கட்டணங்கள்" என்று கணக்கிடுவதே புதியவர்களின் நிதித் திட்டங்கள் சரிவதற்கு முதற் காரணம். இருபது மாதிரிகளோடு கள வெற்றுக் குழாய் இரண்டு, அதே இடத்தில் அதே நேரத்தில் எடுக்கும் இணை மாதிரி இரண்டு, முதற் குழாயிலிருந்து தப்பியதைக் காணத் தொடர்ச்சியாக இணைக்கும் பின்குழாய் இரண்டு, அளவுத்திருத்தப் புள்ளிகள் ஐந்து, ஆய்வக வெற்றுக் குழாய் இரண்டு, இடையே சரிபார்ப்பு இரண்டு என்று சேர்த்தால் மொத்தம் 35 ஓட்டங்கள். ஒவ்வோர் ஓட்டமும், கருவியின் அடுப்பு குளிரும் நேரத்தோடு சேர்த்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். அதாவது கருவி உங்களுக்காகப் பகலும் இரவுமாக ஒன்றரை நாள் ஓட வேண்டும். கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சேர்க்க மறக்காதீர்கள். பணம் போதவில்லை என்றால் மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், வெற்றுக் குழாய்களைக் குறைக்காதீர்கள். பத்து நம்பத்தக்க எண்கள் இருபது ஐயத்துக்குரிய எண்களைவிட மேலானவை.

குழாய்களும் தரக் கரைசல்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதால், ஆணை கொடுத்த பிறகு வாரங்களையும், சில வேளைகளில் மாதங்களையும் ஒதுக்க வேண்டும். மெத்தனாலில் கரைத்த தரக் கரைசல் தீப்பற்றும் பொருளாகக் கருதப்படுவதால் விமானச் சரக்கில் அதற்குத் தனி விதிகள் உண்டு.

அதன்பின் ஓடத் தொடங்கும் கடிகாரம் கண்டிப்பானது. மாதிரி பிடித்த குழாயை 4 டிகிரிக்குக் கீழ் வைத்து 30 நாள்களுக்குள் பகுத்துவிட வேண்டும். லிமோனீன் போன்று எளிதில் சிதையும் சேர்மங்களுக்கு ஒரு வாரமே எல்லை. ஆகவே கருவியின் தேதியை முதலில் உறுதிசெய்து, அதற்கு முந்தைய வாரத்தில் களப்பணியையும், அதற்கு முந்தைய வாரத்தில் குழாய்ச் சுத்திகரிப்பையும் வையுங்கள். சென்னைப் பக்கம் என்றால் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிப்புற மாதிரிக்கான நாள்களைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

6. குழாய்களைச் சுத்தம் செய்யுங்கள்

டெனாக்ஸ் டிஏ கவர்பொருளின் உச்ச வெப்பநிலை 350 டிகிரி. அதற்குச் சற்றுக் கீழே, தூய நைட்ரஜன் அல்லது ஹீலியம் ஓட்டத்தில், புதிய குழாயை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் சூடேற்ற வேண்டும். வாயு ஓடத் தொடங்கிய பிறகே சூட்டை ஏற்றுங்கள், குழாய் ஆறிய பிறகே வாயுவை நிறுத்துங்கள். சூடான டெனாக்ஸின் மேல் ஆக்சிஜன் பட்டால் அது சிதைந்து, தானே பென்சீனையும் பிற சேர்மங்களையும் வெளிவிடத் தொடங்கும்.

சுத்தம் செய்த குழாய்களில் சிலவற்றை எடுத்து வெற்று ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். பென்சீன் அரை நானோகிராமுக்கு மேல் இருந்தால் மீண்டும் சூடேற்றுங்கள். உடனே இரு முனைகளிலும் பித்தளை மூடியையும் டெஃப்லான் வளையத்தையும் பொருத்தி, கையால் இறுகும் வரை திருகி, பிறகு சாவியால் கால் சுற்று மட்டும் திருகுங்கள். அதற்கு மேல் திருகினால் வளையம் நசுங்கிக் கசியும். குழாயின் மேல் ஒட்டுச்சீட்டை ஒட்டாதீர்கள், மார்க்கரால் எழுதாதீர்கள். பசையும் மையும் கரைப்பான் ஆவிகளின் ஊற்று. குழாயில் பொறித்திருக்கும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதினால் போதும்.

7. களத்தில் எத்தனை லிட்டர் இழுப்பது?

இந்தப் படியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வெளிநாட்டு முறைகளை அப்படியே பின்பற்றுபவர்கள் தங்களுக்கே தெரியாமல் தவறான எண்ணைப் பெறுவது இங்கேதான்.

காற்றை இழுத்துக்கொண்டே இருந்தால், பிடிபட்ட பென்சீன் மெல்ல நகர்ந்து குழாயின் பின்முனை வழியாக வெளியேறிவிடும். வெளியேறாமல் இழுக்கக்கூடிய அளவையே பாதுகாப்பான கன அளவு என்கிறோம். 200 மில்லிகிராம் டெனாக்ஸ் டிஏ நிரப்பிய குழாயில் பென்சீனுக்கு இந்த அளவு 20 டிகிரியில் சுமார் 6 லிட்டர். வெப்பநிலை 10 டிகிரி ஏறும்போது இது ஏறத்தாழப் பாதியாகிறது. 30 டிகிரியில் 3 லிட்டர். கோடை நண்பகலின் 40 டிகிரியில் ஒன்றரை லிட்டரே. வெயில் நேரடியாகப் படும் எஃகுக் குழாய் காற்றைவிடவும் சூடாகிவிடும். குளிர்நாட்டு ஆய்வுக் கட்டுரையில் 5 லிட்டர் என்று படித்துவிட்டு மே மாதச் சென்னையில் 5 லிட்டர் இழுத்தால், பென்சீனின் ஒரு பகுதி வெளியேறிவிடும். கருவி குறைவான எண்ணைக் காட்டும். அந்த எண் பார்ப்பதற்கு முற்றிலும் இயல்பாகவே இருக்கும் என்பதால் யாருக்கும் ஐயமும் எழாது. மாசு மிகுந்த இடம் தூய்மையானது என்று அறிக்கை வெளிவருவது அங்கே வாழும் மக்களுக்குச் செய்யும் அநீதி.

ஆகவே நிமிடத்துக்கு 25 மில்லிலிட்டர் வீதம் ஒரு மணி நேரம், அதாவது 1.5 லிட்டர் என்று தொடங்குங்கள். நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் காற்று தானாக ஊடுருவிச் சேர்வது தவறை உண்டாக்கும். குழாயை நிழலில், செங்குத்தாக, தரையிலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். கூடுதல் நேரம் கட்டாயம் தேவை என்றால் டெனாக்ஸுக்குப் பின்னால் கிராஃபைட்டாக்கப்பட்ட கரி அடுக்கும் உள்ள குழாயை வாங்குங்கள். காற்று டெனாக்ஸ் பக்கமாக நுழைய வேண்டும், கருவியில் சூடேற்றும்போது வாயு எதிர்த்திசையில் ஓட வேண்டும். திசை மாறினால் கனமான சேர்மங்கள் கரியில் சிக்கிக்கொண்டு வெளிவராது. குழாயில் உள்ள அம்புக்குறியைப் பார்த்துப் பொருத்துவதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இழந்தோமா இல்லையா என்பதைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள் உள்ளன. இரண்டு குழாய்களைத் தொடராக இணைத்துப் பிடித்தால், மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் பின்குழாயில் இருக்கக் கூடாது. அல்லது ஒரே நேரத்தில் அருகருகே இரு பம்புகளை வைத்து ஒன்றில் மற்றதைவிட நான்கு மடங்கு காற்றை இழுத்தால், இரண்டிலும் கிடைக்கும் செறிவு 25 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். பெரிய கன அளவு தொடர்ந்து குறைவான செறிவைக் காட்டினால் பென்சீன் வெளியேறுகிறது என்று பொருள்.

பம்பின் ஓட்ட வேகத்தை, அதே வகைக் குழாய் இணைந்திருக்கும் நிலையில், தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அளந்து எழுதுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு 10 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். காற்று முதலில் குழாய்க்குள்ளும் பிறகே பம்புக்குள்ளும் போக வேண்டும். குழாய்க்கு முன்னால் ரப்பரோ சிலிக்கோனோ இருக்கவே கூடாது. நண்பகலில் ஓசோன் மிகும்போது அது டெனாக்ஸோடு வினைபுரிந்து பென்சால்டிஹைடையும் அசிட்டோஃபினோனையும் உண்டாக்கும். இந்த இரண்டும் உங்கள் முடிவில் பெரிதாகத் தெரிந்தால் அவை ஊர்க் காற்றிலிருந்துதான் வந்தன என்று எழுதிவிடாதீர்கள்.

பத்து மாதிரிகளுக்கு ஒன்று வீதம் கள வெற்றுக் குழாய் கட்டாயம். களத்தில் அதன் மூடியைக் கழற்றி உடனே மூடி, மற்றவற்றோடே கொண்டுவர வேண்டும். பெட்ரோலிலேயே பென்சீன் இருப்பதால் குழாய்களை இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில் வைக்காதீர்கள், போகும் வழியில் பெட்ரோல் போடாதீர்கள். வாசனைத் தெளிப்பான், கைத் தூய்மிப்பான், கொசுவர்த்தி, ஜெனரேட்டர், புதிதாகப் பூசிய சுவர் ஆகியவை அருகில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள், மாற்ற முடியாவிட்டால் குறிப்பில் எழுதுங்கள். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் கோடைப் பகலில் கடற்காற்று நுழைந்ததும் காற்றின் திசையே மாறிவிடும். காலையில் ஆலையின் பக்கமிருந்து வீசிய காற்று பிற்பகலில் கடலிலிருந்து வீசலாம். எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசை ஆகியவை குறிப்பேட்டில் இருந்தாக வேண்டும்.

திரும்பியதும் குழாய்களை மூடிய டப்பாவில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கரைப்பான்களோ தரக் கரைசல்களோ இருக்கும் பெட்டியில் வைக்காதீர்கள். பகுக்கும் நாளில் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே மூடியைத் திறங்கள், இல்லையென்றால் ஈரம் படியும்.

8. கருவி நாள்

இயக்குபவரோடு கூடவே இருக்க அனுமதி கேளுங்கள். முதலில் நிறை எண் 18 (நீர்), 28 (நைட்ரஜன்), 32 (ஆக்சிஜன்) ஆகிய மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். 28உம் 32உம் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் உயரமாக நின்றால் எங்கோ காற்று கசிகிறது. 207, 281 ஆகியவை மிகுந்தால் பத்தியிலிருந்தோ செப்டம் என்னும் ஊசி நுழையும் அடைப்பிலிருந்தோ சிலிக்கோன் கசிகிறது.

அளவுத்திருத்தத்துக்கு மெத்தனாலில் கரைத்த பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் கலவையை நீர்க்கச் செய்து, 1 மைக்ரோலிட்டரைச் சுத்தமான குழாயில் நைட்ரஜன் ஓட்டத்தோடு ஏற்றுங்கள். உங்கள் மாதிரியில் 7 நானோகிராம் இருக்கும் என்று எதிர்பார்த்தால் புள்ளிகள் 1 முதல் 50 நானோகிராம் வரை பரவியிருக்கட்டும். ஆயிரம் நானோகிராமில் வரைந்த கோட்டை ஏழுக்கு நீட்டிப் பயன்படுத்துவது தவறு. ஒவ்வொரு குழாயிலும் ஒரே அளவு டொலுவீன்-டி8 (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் கொண்ட டொலுவீன்) சேர்த்தால், நிறை எண் 98இல் தெரியும் அதன் உச்சி ஓட்டத்துக்கு ஓட்டம் கருவி எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லிவிடும்.

வெற்றுக் குழாய், தரம், மீண்டும் வெற்றுக் குழாய், அதன்பின் மாதிரிகள் என்ற வரிசையில் ஓட்டுங்கள். தூய்மையான இடத்தின் மாதிரிகள் முதலிலும் மாசு மிகுந்த இடத்தின் மாதிரிகள் கடைசியிலும் வரட்டும். சூடேற்றிய குழாயிலிருந்து மாதிரி ஒரே முறைதான் கிடைக்கும், மின்தடை வந்தால் அது போய்விடும். யுபிஎஸ் நிலையையும் ஹீலியம் உருளையின் அழுத்தத்தையும் தொடங்கும் முன்பே பாருங்கள். பகுப்பு வாயிலிலிருந்து வெளியேறும் பகுதியை மீண்டும் குழாயில் பிடிக்கும் வசதி டிசார்பரில் இருந்தால் தயங்காமல் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

பென்சீனை 78இலும், டொலுவீனை 91, 92 ஆகியவற்றிலும், எத்தில்பென்சீனையும் சைலீன்களையும் 91, 106 ஆகியவற்றிலும் அளக்கலாம். மெட்டா, பாரா சைலீன்கள் இரண்டும் வழக்கமான பத்திகளில் பிரிவதில்லை, எனவே அவற்றைக் கூட்டுத்தொகையாகவே எழுதுங்கள்.

9. எண்ணைக் கணக்கிட்டு எழுதுங்கள்

குழாயில் 7.1 நானோகிராம், கள வெற்றுக் குழாயில் 0.5 நானோகிராம், கன அளவு 1.5 லிட்டர் என்றால் செறிவு 6.6 வகுத்தல் 1.5, அதாவது லிட்டருக்கு 4.4 நானோகிராம். இது கன மீட்டருக்கு 4.4 மைக்ரோகிராம் என்பதற்குச் சமம். 25 டிகிரியில் பென்சீனுக்கு 3.19ஆல் வகுத்தால் சுமார் 1.4 பிபிபி (நூறு கோடியில் 1.4 பங்கு). டொலுவீனுக்கு வகுக்கும் எண் 3.77. ஒரே எண்ணை எல்லாச் சேர்மங்களுக்கும் பயன்படுத்திவிடாதீர்கள். களம் 35 டிகிரியில் இருந்தால் கன அளவை 25 டிகிரிக்கு மாற்றும்போது ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும். மாற்றினீர்களா இல்லையா என்பதை அறிக்கையில் சொல்லுங்கள்.

கண்டறியும் எல்லையைக் கணக்கிட, குறைந்த அளவு தரம் ஏற்றிய ஏழு குழாய்களை ஓட்டி, திட்டவிலக்கத்தை 3.14ஆல் பெருக்குங்கள். இந்த ஏழு ஓட்டங்களும் கட்டணத்தில் சேரும் என்பதால், ஆய்வகம் அண்மையில் இதைச் செய்திருந்தால் அந்தத் தரவைக் கேட்டு வாங்குங்கள். எல்லைக்குக் கீழே வந்த மாதிரியைச் "சுழியம்" என்று எழுதக் கூடாது. "கன மீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவு" என்பதுபோல எழுத வேண்டும்.

தரக் கரைசலில் இல்லாத சேர்மத்தின் பெயரைக் கருவியின் நூலகம் 90 விழுக்காடு பொருத்தத்தோடு காட்டினாலும், அதைத் தற்காலிக அடையாளம் என்றே குறிப்பிடுங்கள், அதற்குச் செறிவு எண் கொடுக்காதீர்கள். பைனீன், லிமோனீன் போன்ற டெர்பீன்களின் நிறமாலைகள் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருப்பதால் அவற்றில் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது.

அறிக்கையோடு மூலத் தரவுக் கோப்புகள், அளவுத்திருத்தக் கோடு, வெற்றுக் குழாய் முடிவுகள், களக் குறிப்பின் ஒளிநகல் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக்கி இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். கருவி வசதிகளின் கணினிகளில் பழைய கோப்புகளை நெடுநாள் வைத்திருப்பதில்லை. எனவே ஓட்டம் முடிந்த அன்றே, கருவி அறையை விட்டு வெளியேறும் முன், கோப்புகளை நகலெடுத்துத் திறந்து பார்த்துவிடுங்கள். பயன்படுத்திய குழாய்களை அடுத்த களப்பணிக்கு முன் மீண்டும் சூடேற்றிச் சுத்தம் செய்து, எந்தக் குழாய் எத்தனை முறை பயன்பட்டது என்பதைப் பதிவேட்டில் தொடர்ந்து எழுதிவாருங்கள். வெற்று ஓட்டத்தில் பென்சீன் குறையாமல் நிற்கும் குழாயைப் புதிய கவர்பொருள் நிரப்ப அனுப்பிவிடுங்கள்.